நடையைக் கடலில் இருந்து தொடங்குங்கள்

பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனில் மரபு நடைகளைத் திட்டமிடுகிறவர்களுக்கும், அவற்றுக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கும், கொடி பிடித்து ஆட்களை அழைத்துப் போகிற வழிகாட்டிகளுக்கும்.

வணக்கம்.

குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் வாசலில் ஏதாவது ஒரு காலையில் நின்றால் உங்கள் நடைகளில் ஒன்றைப் பார்த்துவிடலாம். இருபது பேர், தலையில் தொப்பி, கையில் தண்ணீர் போத்தல். வழிகாட்டி கோபுரத்தைக் காட்டுவார், 1833 என்பார், செருப்பைக் கழற்றச் சொல்வார். அங்கிருந்து மார்க்கெட் ஸ்திரீட்: மசாலாக் கடை, சேலைக் கடை, ஆளுக்கொரு வடை, தே தாரிக். அப்புறம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் குவிமாடத்துக்கு எதிரே ஒரு குழுப்படம். இந்தியர் பகுதி முடிந்தது. ஆர்மேனியன் ஸ்திரீட்டில் சுவரோவியங்கள் காத்திருக்கின்றன, வெயிலும் ஏறிவிட்டது.

நான் ஓய்வு பெற்ற தமிழ்ப் பள்ளி ஆசிரியை. பிறந்து வளர்ந்தது இந்தத் தெருக்களில்தான். அப்பா வெல்ட் கீ என்கிற துறைமுகக் கரையில், சரக்குப் படகுகளான தொங்கான்களில் தண்டலாக, அதாவது படகுத் தலைவராக, இருந்தவர். உங்கள் வழிகாட்டிகள் சொல்வதில் பெரிய பிழை எதையும் நான் கேட்டதில்லை. தொடங்குகிற இடம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. கோயிலும் பள்ளிவாசலும் தர்காவும் இந்த மக்கள் வந்து இறங்கி, உழைத்து, கையில் நாலு காசு சேர்ந்த பிறகு எழுப்பியவை. யார் வந்தார்கள், எதற்காக வந்தார்கள், வந்து என்ன வேலை செய்தார்கள் என்பதெல்லாம் கடல் பக்கம் கிடக்கிறது. அந்தப் பக்கம் உங்கள் நடை திரும்புவதே இல்லை. கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் மட்டும் உட்கார்ந்துவிட்டு வருவது மாதிரி இருக்கிறது இது.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. தமிழர் பகுதிக்கான நடையை வெல்ட் கீயில், தண்ணீர் ஓரத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து சூலியா ஸ்திரீட் வழியாக ஊருக்குள் வாருங்கள்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். இதற்காகப் புதிதாக ஒரு பாதை போடத் தேவையே இல்லை. பெரிப் படகு முனையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் காட் லெபோ சூலியா, அதாவது சூலியா ஸ்திரீட்டின் கடல் பக்கத் துண்டு, சில நிமிட நடைதான். அதில் நேராக நடந்தால் பீச் ஸ்திரீட் குறுக்கே வரும். அடுத்து பினாங்கு ஸ்திரீட், அங்கே செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகள். அடுத்து கிங் ஸ்திரீட், முனையில் நாகூர் தர்கா. அதற்கடுத்து குவீன் ஸ்திரீட், வலது பக்கம் திரும்பினால் மாரியம்மன் கோயில். கடைசியில் பிட் ஸ்திரீட்டும் பள்ளிவாசலும். மொத்தம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. வந்தவர்கள் கரையேறி உள்ளே நகர்ந்த வரிசையிலேயே தெருக்களும் அமைந்திருக்கின்றன.

பீச் ஸ்திரீட்டில் நின்று சுற்றிப் பார்க்கிறவருக்குக் கடல் தெரியாது. 1880-களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீயை உருவாக்கும்வரை அலை இந்தத் தெருவின் முதுகில்தான் அடித்துக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்கக் கட்டடங்களின் பின்வாசலுக்கே படகு வரும். தூர்த்த நிலத்தின் மேல் நீண்டுபோன துண்டுத் தெருக்கள்தாம் இன்று பெயருக்கு முன்னால் ‘காட்’ ஒட்டிக்கொண்டிருப்பவை. இதை ஒரு வழிகாட்டி பீச் ஸ்திரீட் முனையில் நின்று, கையை நீட்டி, இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடலாம். கேட்கிறவர்களுக்கு ஊரே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும். என் பழைய மாணவர்கள் சிலரை இப்படிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டுக் கேட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் அதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது?

சரி, கடல் ஓரத்தில் என்ன சொல்வது என்று கேட்பீர்கள். அங்கே கோபுரம் இல்லை, குவிமாடம் இல்லை, படம் எடுக்க எதுவும் இல்லை. சொல்ல மட்டும் நிறைய இருக்கிறது.

முதலில் வந்தவர்கள். பிரான்சிஸ் லைட் 1786-இல் இங்கே கொடி நாட்டினார். 1794-இல் இறந்துபோனார். அந்தக் கடைசிக் காலத்தில் அவர் எழுதிய அறிக்கையில் சூலியாக்களைப் பற்றி வருகிறது. சோழமண்டலக் கரையில் இருந்து வந்தவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். கடை வைத்தவர்களும் கூலி வேலை செய்பவர்களுமாக ஏறக்குறைய ஆயிரம் பேர் இங்கேயே தங்கியிருக்கிறார்கள் என்கிறார். அது போக, சோழமண்டலக் கரையில் இருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேரைக் கொண்டுவந்து இறக்குகின்றன, அவர்கள் நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்புகிறார்கள், அடுத்த கூட்டம் வருகிறது என்றும் எழுதியிருக்கிறார். ஊர் தொடங்கி எட்டு வருடம்கூட ஆகாத காலம் அது. இந்த நகரத்தின் அஸ்திவாரத்திலேயே நாங்கள் இருக்கிறோம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த ஒரு அறிக்கையைக் காட்டினாலே போதும், தொண்டை மிச்சம்.

அடுத்து, விரும்பி வராதவர்கள். இந்தக் கதையைத்தான் உங்கள் நடை எதிலும் நான் கேட்டதே இல்லை. மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதற்கு அடுத்து நடந்தது பலருக்குத் தெரியாது. அவர்களோடு நின்றவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பலில் ஏற்றி நாடு கடத்தினார்கள். அனுப்பிய இடம் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் தீவு, அதாவது நம் பினாங்கு. சிவகங்கை மன்னர் வேங்கன் பெரிய உடையத் தேவர் அந்தக் கப்பலில் இருந்தார். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் இருந்தான். அவனுக்கு அப்போது வயது பதினைந்து.

கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி ஒருவர். சின்ன மருதுவோடு நட்பாக இருந்தவர், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான் என்று எழுதி வைத்தவர், பிறகு அதே மருதுவுக்கு எதிரான போரில் நின்றவர். கைதிகளைக் கப்பலேற்றும்போது தூத்துக்குடியில் பொறுப்பில் இருந்தவரும் அவரே. அந்த வெல்ஷ் 1818-இல் பினாங்குக்கு வருகிறார். தளர்ந்துபோன ஒரு கிழவர் கைகட்டி வந்து அவர் முன் நிற்கிறார். யாரென்று தெரியவில்லை. பெயரைக் கேட்கிறார். துரைச்சாமி என்கிறார் வந்தவர். அந்த ‘கிழவருக்கு’ அப்போது முப்பதைத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். ஊரில் மிச்சம் இருக்கிற உறவினர்களுக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கேட்கிறார். அதற்கு அனுமதி இல்லை என்று வெல்ஷ் மறுத்துவிடுகிறார். இவ்வளவையும் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் தானே எழுதியிருக்கிறார், மனம் உடைந்ததாகவும் சொல்கிறார். உடைந்த மனதோடு அந்தக் கடிதத்தையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டிருக்கலாம், என்னைக் கேட்டால்.

வெல்ட் கீயில் நின்று இதைச் சொல்ல முடியும். தண்ணீரைப் பார்த்தபடி கேட்க முடியும். மாரியம்மன் கோயில் வாசலில் நின்றால் இதற்கு இடமே இல்லை. காரணம் எளிது, கோயில் எழுந்ததே அதற்கு முப்பது வருடம் கழித்துத்தான். தமிழ்நாட்டில் இருந்து வருகிற பயணிகள் இந்தத் தீவில் எத்தனையோ ஆயிரம் பேர். சிவகங்கையில் இருந்து வருகிறவர்களும் அதில் இருப்பார்கள். கொம்டார் கோபுரத்துக்கும் கொடிமலைக்கும் போய்விட்டு, தங்கள் மன்னர் கைதியாக வந்து இறங்கிய கரையை டூரிஸ்ட் பஸ் ஜன்னல் வழியாகக் கடந்துபோகிறார்கள். நான் நடந்து பார்த்தவரை அந்தக் கரையில் இதைச் சொல்கிற பலகை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. ஒரே ஒரு பலகை வையுங்கள் என்று கேட்கிறேன்.

அரசியல் கைதிகளோடு சாதாரணக் குற்றவாளிகளும் வந்தார்கள். 1790-களில் இருந்தே இந்தியாவின் சிறைகள் பினாங்கை நோக்கிக் காலியாகத் தொடங்கிவிட்டன. காடு வெட்டியதும் சாலை போட்டதும் கட்டடம் எழுப்பியதும் அவர்கள்தாம். நீங்கள் தூண்களின் அழகைக் காட்டுவதற்காகத் தவறாமல் நிற்கிற செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818-இல் முடிந்தது. அதைக் கட்டிய கைகள் இந்தியக் கைதிகளின் கைகள். அங்கே நிற்கும்போது அதையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துக்கொண்டால் தேவாலயத்தின் அழகு எந்த விதத்திலும் குறையாது.

கப்பல் என்றால் எங்கள் தலைமுறைக்கு ரஜுலா. 1926-இல் கட்டியது, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய்ப் போய் வந்தது. மேல்தளத்தில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று இந்த ஊரில் வக்கீல்களும் டாக்டர்களும் லோரி ஓட்டுநர்களும். 1929 டிசம்பரில் மலாயா வந்த பெரியார் காலடி வைத்ததும் பினாங்கில்தான். ரஜுலாவுக்குப் பிறகு சிதம்பரம் கப்பல். அதுவும் 1985-இல் தீ விபத்துக்குள்ளாகி நின்றுபோனது. கப்பல் போக்குவரத்தோடு ஒரு வாழ்க்கை முறையே முடிந்தது.

வருகிற கப்பல்தான் திரும்பிப் போகிற கப்பலும். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 1968-இல் சட்டம் வந்தது. 1969-க்குப் பிறகு தோட்டங்களில் இருந்து ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டினார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தாங்களே பாதி மறந்துவிட்ட ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். இதைச் சொன்னால் சுற்றுலா இன்பம் கெட்டுவிடும் என்று உங்களில் ஒருவர் ஒரு கூட்டத்தில் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சுற்றுலாவுக்கு வருகிறவர்களை நாம் கொஞ்சம் குறைத்து மதிப்பிடுகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இனி வேலைக்கு வருகிறேன். என் அப்பா செய்த வேலை.

பெரிய கப்பல்கள் நடுக் கால்வாயில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை ஏற்றி இறக்கத் தொங்கான்கள் போகும். ஒரு தொங்கானுக்கு ஒரு தண்டல், அவருக்குக் கீழே ஆட்கள். கரைக்கு வந்ததும் தொங்கானுக்கும் கரைக்கும் நடுவே ஒற்றைப் பலகை போடுவார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் தோளில் சாக்குத் துணியை மடித்துப் போட்டுக்கொண்டு அதில் நடப்பார்கள். நீர் ஏறியிருக்கும்போது பலகை சமமாக இருக்கும், வேலை ஓடும். நீர் வற்றினால் தொங்கான் கீழே இறங்கிவிடும், பலகை செங்குத்தாக நிற்கும். அரிசி மூட்டையோடு அதில் ஏறுகிறவரின் கெண்டைக்காலைப் பார்த்தாலே மணி என்ன என்று அப்பா சொல்லிவிடுவார். ஒரு மூட்டைக்கு ஒரு குச்சி. மாலையில் குச்சியை எண்ணிக் கூலி. குச்சி எண்ணிக்கையில் சண்டை வராத நாள் இல்லை. கணக்கு எழுதுகிற கிராணி மேலே நோட்டோடு நிற்பார், அவர் எழுதியதே வேதம். ரப்பர் ஷீட் ஏற்றுகிற நாளில் அப்பாவின் சட்டையில் புகை வாசம் ஏறிவிடும், எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

இந்த ஆட்களுக்குச் சோறு போட்டதுதான் நாசி கண்டார். தோளில் காவடித் தடி, ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறு முனையில் கறிச் சட்டிகள். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் துறைமுகத்துக்கு நடந்தே வந்து விற்பார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் தெரிந்த பெயர். உங்கள் கையேட்டில் அதற்கு இரண்டு பக்கம், வாயில் நீர் ஊறும் படங்கள். யாருக்காக அது சமைக்கப்பட்டது என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. சாப்பாட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டவனை விட்டுவிட்டீர்கள்.

பினாங்கின் சுங்கவரியற்ற துறைமுக அந்தஸ்து 1969-இல் போனது. ஆழத் துறையும் பிறகு கன்டெய்னரும் எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த் பக்கம் போயின. கன்டெய்னருக்குத் தண்டல் எதற்கு? இருந்தவர்கள் காவல் வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போனார்கள். அந்தத் தலைமுறையில் மிச்சம் இருக்கிறவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். சிலருக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, காது மட்டும் சரியில்லை. ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு இந்த வருடமே போங்கள். பலகையும் கையேடும் அடுத்த வருடம் வந்தால்கூடப் பரவாயில்லை.

உள்ளே வந்தால் பினாங்கு ஸ்திரீட். செட்டியார் என்றால் வெள்ளி ரதம், தண்ணீர்மலை முருகன் கோயில் என்று நிறுத்திக்கொள்கிறோம். 1894-இல் இந்தியாவில் இருந்து வந்த அந்த ரதம் தைப்பூசத்துக்கு முந்தைய நாள் செட்டிப் பூசத்தன்று இங்குள்ள கோயில் வீட்டில் இருந்து புறப்படுவது கண்கொள்ளாக் காட்சிதான், மறுக்கவில்லை. வருடத்தின் மற்ற நாட்களில் அதே தெருவில் நடந்தது வட்டிக்கடை. கிட்டங்கி என்பது நீளமான ஒரு கூடம். தரையில் வரிசையாகச் சாய்வு மேசைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மரப்பெட்டி, ஒரு கணக்குப் புத்தகம். ஒவ்வொரு மேசையும் ஒரு தனிக் கடை. ஊரில் இருக்கிற முதலாளிக்காக இங்கே பணத்தைக் கொண்டு விற்கிற மேலாள், அவருக்கு அடுத்தாள், எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன். மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்குக் கப்பல். பகலில் கடை, இரவில் அதே இடத்தில் பாய் விரித்துத் தூக்கம். பெட்டியடிப் பையனாக வந்து இறங்கியவனுக்குப் பெரும்பாலும் மீசைகூட முளைத்திருக்காது. தவுக்கே எனப்படும் சீன முதலாளிக்கும் மலாய் நிலக்காரருக்கும் ரப்பர் போட்டவருக்கும் வங்கி கதவைத் திறக்காத காலத்தில் இந்த மேசைகள்தாம் பணம் கொடுத்தன. நிலத்தை எழுதி வாங்கிக்கொண்ட கதைகளும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தர்காவின் முனையில் உங்கள் கூட்டம் வழக்கமாக அரை நிமிடம் நிற்கும். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். 1800-களின் தொடக்கத்தில் சாகுல் ஹமீது ஆண்டவர் நினைவாக எழுந்த இடம் அது. அடக்கத்தலம் நாகூரில் இருக்கிறது, இங்கே இருப்பது கடல் கடந்து வந்தவர்களின் நேர்த்திக்கடன். கப்பலில் புயலில் சிக்கினால் மதம் பார்க்காமல் எல்லோரும் கூப்பிட்ட பெயர் அவருடையது. கரையேறியவர் முதலில் நன்றி சொல்ல வருகிற தூரத்தில், இறங்குதுறையில் இருந்து சில குறுக்குத் தெருக்கள் தள்ளி அது இருப்பதைக் கடலில் இருந்து நடந்து வந்தால் யாரும் சொல்லாமலே புரிந்துகொள்ளலாம். வெளிச்சுவரோடு ஒட்டிய சின்னஞ்சிறு கடைகளில் ஒன்றில் சொங்கோக் தொப்பி தைப்பதைப் பார்த்தபடி நான் எத்தனையோ மாலைகள் நின்றிருக்கிறேன். உள்ளே காகிதத்தை மடித்து மடித்து வைத்து, மேலே கறுப்பு வெல்வெட்டை இழுத்துத் தைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிக் கொடுப்பார்.

பள்ளிவாசலைப் பற்றி உங்கள் வழிகாட்டிகள் நன்றாகவே சொல்கிறார்கள். 1801-இல் சமூகத் தலைவர் கப்பித்தான் காதர் முகைதீனின் சமூகத்துக்குக் கிடைத்த 18 ஏக்கர் நிலம், 1910 வாக்கில் கட்டடம் இன்றைய உருவம் பெற்றது, எல்லாம் வருகிறது. நான் சேர்க்க ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று: பக்கத்தில் கம்போங் கோலத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது, இரண்டு நிமிடம் நடந்தால் போதும், போய்விட்டு வாருங்கள்.

அச்சகங்களுக்கும் ஓர் இடம் வேண்டும். 1880-களிலேயே நாகூர் குலாம் காதிறு நாவலர் இந்த ஊரில் இருந்து ‘வித்தியா விசாரிணி’ நடத்தினார். மூட்டை தூக்கியவர்களும் வட்டிக்கு விட்டவர்களும் நடமாடிய அதே தெருக்களில் ஒருவர் ஈய எழுத்துக் கோத்துத் தமிழ்ப் பத்திரிகை நடத்தியிருக்கிறார். எங்களைப் பற்றிய பேச்சு மசாலாவிலும் மல்லிகையிலும் முடிந்துபோவதால்தான் இதை வலியுறுத்துகிறேன்.

இனத்துக்கு ஒரு நடை என்று பிரித்துக்கொண்டே போகலாமா என்ற கேள்வி வரும். ஏற்கனவே ஆர்மேனியன் ஸ்திரீட் 120-ஆம் எண் வீட்டை மையமாக வைத்து, சீனப் புரட்சித் தலைவர் சன் யாட்-சென் பெயரில் ஒரு நடை இருக்கிறது. 1910-இல் அவர் இங்கே தங்கிப் புரட்சிக்கு ஆள் சேர்த்ததையும் பணம் திரட்டியதையும் அது அழகாகச் சொல்கிறது. நானே இரண்டு முறை நடந்து மகிழ்ந்திருக்கிறேன். ஒரு மனிதர் வந்து போன கதைக்கு ஒரு பாதை போட முடிந்தால், ஆண்டுதோறும் ஆயிரம் ஆயிரமாக வந்த கதைக்கும் போடலாம். அதோடு, கடல் ஓரத்தில் தொடங்குகிற நடை எங்களுடையது மட்டுமாக இருக்கவே முடியாது. அதே வெல்ட் கீயில்தான் சியூ, லிம், டான் என்ற சீனக் குலத்தவரின் மர ஜெட்டிகள், கடலுக்குள் நீளும் மரத்துறைகள், இருக்கின்றன. அவர்களும் அதே தண்ணீரில் அதே சரக்கைத் தூக்கியவர்கள். சில நாள் போட்டி, சில நாள் கூட்டு. அப்பா ஹொக்கியன் சீன மொழியில் திட்டுவதைக் கேட்டுத்தான் எனக்கு அந்த மொழி பழக்கம். ‘மலாக்கா நீரிணையின் வரலாற்று நகரங்கள்’ என்ற பெயரில்தான் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து நம்மையும் பட்டியலில் ஏற்றியது. பெயரிலேயே கடல் இருக்கிறது. நடையில் மட்டும் காணோம்.

நடைமுறைக் காரியங்கள் சில. கடைகளுக்கு முன்னால் போகிற நடைபாதையான அஞ்சடியெங்கும் மோட்டார் சைக்கிள்களும் அரிசி மூட்டைகளும். வயதானவர்கள் சாலையில் இறங்கி, லோரிக்கு ஒதுங்கி, மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. எல்லாக் கடைக்காரர்களையும் பகைத்துக்கொள்ளச் சொல்லவில்லை, ஆள் நடக்க ஒரு முழம் விட்டால் போதும். கடல் ஓரத்தில் உட்கார நிழலில் இரண்டு பெஞ்சு. தமிழில் வைக்கிற பலகைகளை அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக நிற்கிற பலகை ஒன்றை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கண் கூசுகிறது. அப்புறம், மாலை கட்டுகிறவர்களைப் படம் எடுக்கும் முன் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள்.

கதை சொல்ல ஆள் வேண்டும், இது பெரிய சிக்கல். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு நீங்கியதும் மாடி அறைகளில் இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. நாங்களும் கிளம்பினோம். இப்போது அந்த மாடிகளில் விடுதிகள். தெருவில் வாழ்ந்தவர்கள் ஆயிர் ஈத்தாமிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். தமிழ் பேசும் இளைஞர்களில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, முறையான வழிகாட்டிப் பயிற்சியும் உரிமமும் கிடைக்கச் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலைதான் இல்லை.

எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இந்த மடலை அவர்களும் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில். கோயில் நிர்வாகத்தாரே, பள்ளிவாசல் பொறுப்பாளர்களே, கிட்டங்கிக்காரர்களே, எல்லாவற்றுக்கும் அரசாங்கம் வர வேண்டும் என்று காத்திருந்தால் கரையான் முந்திக்கொள்ளும். பழைய கணக்கேடுகளையும் ரசீதுகளையும் படங்களையும் இரும்பு அலமாரியில் பூட்டிச் சாவியைத் தொலைத்தது யார் என்று நாமே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வைத்தால் நடைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். உங்கள் பேரப்பிள்ளைகளும் பார்ப்பார்கள், அவர்களும் பார்த்ததில்லை.

பெரிய திட்டமாக வேண்டாம். ஒரே ஒரு சோதனை நடை வையுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், பள்ளிவாசலில் தொழுகை. தைப்பூச வாரமும் வேண்டாம், தெருவில் நிற்கவே இடம் இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி, வெயில் ஏறும் முன் தர்காவைத் தாண்டிவிடலாம். தொங்கானில் வேலை பார்த்த பெரியவர்கள் இரண்டு பேரிடம் பேசி வைத்திருக்கிறேன். ஒருவருக்குச் சக்கர நாற்காலி வேண்டும், அதனால்தான் அஞ்சடியைப் பற்றி அவ்வளவு சொன்னேன். தேதியை மட்டும் இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். அவர்களை பட்டர்வொர்த்தில் இருந்து பெரிப் படகில் அழைத்து வர வேண்டும்.

இப்படிக்கு,
சூலியா ஸ்திரீட்டில் வளர்ந்த ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை,
பினாங்கு